சுவர் எளிது, வாசல் கடினம்

1903ஆம் ஆண்டு மார்ச் மாதம். இத்தாலியின் பாவியா நகரில் காமில்லோ கோல்கியின் ஆய்வகத்தில் பணியாற்றிவந்த அடெல்கி நெக்ரி என்ற இளம் மருத்துவர், ரேபிஸ் கண்ட விலங்குகளின் மூளையில் தாம் பார்த்த ஒன்றை நகரின் மருத்துவச் சங்கத்தில் அறிவித்தார். நரம்பு செல்களுக்குள், உட்கருவுக்கு வெளியே, சாயம் ஏற்றியதும் பளிச்சென்று பிரிந்து தெரியும் உருண்டைகள் அவை. சில மைக்ரான் அளவு என்பதால் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே காணலாம். ஹிப்போகாம்பஸின் பெரிய நரம்பு செல்களிலும் சிறுமூளையின் பர்கின்ஜி செல்களிலும் அவை மிகுதி. ரேபிஸை உண்டாக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இதுதான் என்று நெக்ரி முடிவு செய்தார். அதே ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் ரெம்லிங்கரும் ரிஃபாத் பேயும், பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியையும் ரேபிஸ் கிருமி தாண்டிவிடுகிறது என்று காட்டினார்கள். வடிகட்டியின் கண்ணில் நுழையும் அளவுக்குச் சிறிய ஒன்று இவ்வளவு பெரிய உருண்டையாக இருக்க வழியில்லை. நெக்ரி 1912இல், 35 வயதில், காசநோயால் இறந்தார்.

ஒட்டுண்ணி என்ற கருத்து கைவிடப்பட்டது. உருண்டைகள் ‘நெக்ரி உடல்கள்’ என்ற பெயரோடு பாடநூல்களில் தங்கிவிட்டன. கடித்த நாயின் மூளையில் அவை தென்பட்டால் ரேபிஸ் உறுதி. பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் நோயை இப்படித்தான் கண்டறிந்தார்கள். ஆனால் அந்த உருண்டை அங்கே என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. நோயின் தடயம், வைரஸ் விட்டுச்சென்ற புரதக் குவியல் என்ற அளவில் கேள்வி நின்றுபோனது. 2009இல்தான் பிரான்ஸின் ஆய்வாளர்கள், ரேபிஸ் வைரஸின் ஆர்.என்.ஏ. உற்பத்தியாவதே நெக்ரி உடல்களுக்குள்தான் என்று காட்டினார்கள். நூறாண்டுக்கு மேலாக நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தது வைரஸின் குப்பையை அல்ல, அதன் பணியிடத்தை.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் நம் பார்வைப் பழக்கம் என்றே நினைக்கிறேன். வைரஸ் என்றதும் முள் முளைத்த பந்துதான் மனத்தில் வருகிறது. 2020க்குப் பிறகு குழந்தைகள்கூட அதை வரைகிறார்கள். ஆனால் அந்தப் பந்து, ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போக வைரஸ் எடுக்கும் பயண வடிவம் மட்டுமே. செல்லுக்குள் நுழைந்ததும் பந்து கலைந்துவிடும். அடுத்த சில மணி நேரம் செல்லை உடைத்துத் தேடினாலும் தொற்றும் திறனுள்ள துகள் கிடைக்காது. அந்த நேரத்தில் வைரஸ் என்பது ஓர் இடம்: செல்லின் உள்ளே, செல்லின் பொருள்களைக் கொண்டே வளைத்துப்போட்ட ஒரு தனி அறை. வைரஸின் வாழ்க்கையில் உண்மையான வேலை நடக்கும் நேரம் இதுதான். இந்த அறைகளைப் பற்றி ஆய்வுலகம் இதுவரை அறிந்தவற்றைத் தொடர்ந்து படித்தால் ஒன்று தெளிவாகிறது. அறையைக் கட்டுவது வைரஸுக்குப் பெரிய சிக்கல் அல்ல. கட்டிய அறைக்கு வாசல் வைப்பதுதான் சிக்கல்.

முதலில், அறை எதற்கு? போலியோ வைரஸை எடுத்துக்கொள்வோம். அதன் மரபணுத்தொகை ஏறத்தாழ 7,500 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. இந்த ஒரே இழை இரண்டு வேலைகளுக்குத் தேவைப்படுகிறது. செல்லின் ரைபோசோம்கள் அதை வாசித்துப் புரதம் செய்யவேண்டும். வைரஸின் பாலிமரேஸ் நொதி அதை நகலெடுக்கவும் வேண்டும். ரைபோசோம் ஒரு முனையிலிருந்து வாசித்துக்கொண்டு வரும், பாலிமரேஸ் எதிர்முனையில் தொடங்கி நகலெடுத்துக்கொண்டு வரும். ஒரே இழையில் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கினால் நடுவழியில் முட்டிக்கொள்ளும். இந்த முரண்பாட்டை 1998இல் கமார்னிக், ஆண்டினோ இருவரும் சோதனை வழியே தெளிவாக்கினார்கள். வாசிப்புக்கு ஓரிடம், நகலெடுப்புக்கு வேறிடம் என்று பிரித்துவிட்டால் மோதல் தீர்ந்தது.

இன்னொரு காரணம், ஒளிவது. நகலெடுக்கும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிறது. நலமான செல்லின் சைட்டோபிளாசத்தில் நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ.வுக்கு இடமே இல்லை. எனவே அதைக் கண்டதும் அபாயக் குரல் எழுப்ப ரிக்-ஐ, எம்.டி.ஏ.5 போன்ற காவல் புரதங்களைச் செல் எப்போதும் வைத்திருக்கிறது. அவற்றின் கையில் சிக்காமல் ஆயிரக்கணக்கான நகல்கள் எடுக்கவேண்டுமானால் மறைப்பு வேண்டும். நொதி, கச்சாப்பொருள், ஆர்.என்.ஏ. எல்லாம் செல் முழுக்கச் சிதறிக் கிடக்காமல் ஒரே இடத்தில் அடர்ந்திருக்கவும் அறை உதவுகிறது.

சுவருக்கான பொருளை வைரஸ் எங்கிருந்தும் கொண்டுவருவதில்லை. செல்லுக்குள் சவ்வுகள் ஏராளம்: எண்டோபிளாச வலை, கோல்கி உறுப்பு, மைட்டோகாண்ட்ரியா. போலியோ தொற்றிய செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1965இல் வெளிவந்த ஒரு கட்டுரையின் ஆசிரியர்களில், ரைபோசோம்களை முதன்முதலில் துல்லியமாகக் காட்டிய ஜார்ஜ் பலாடேயும் ஒருவர். தொற்றிய சில மணி நேரத்தில் சைட்டோபிளாசம் முழுக்கச் சவ்வுப் பைகள் பெருகுவதை அந்தப் படங்களில் காணலாம். செல்லின் கட்டமைப்பையே கரைத்து வேறொன்றாக வார்த்த மாதிரி இருக்கிறது. 2010இல் நிஹால் ஆல்டன்-போனே குழுவினர் அடுத்த கட்டத்துக்குச் சென்றார்கள். போலியோவின் உறவு வைரஸ்கள் செல்லின் ஒரு குறிப்பிட்ட நொதியைத் தங்கள் சவ்வுகளுக்கு இழுத்துவந்து, பி.ஐ.4பி. என்ற கொழுப்பை அங்கே செறிவாக்குகின்றன. வைரஸின் பாலிமரேஸ் அந்தக் கொழுப்பைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது. சவ்வைக் கைப்பற்றுவதோடு நில்லாமல் அதன் வேதியியலையே தன் வசதிக்கு மாற்றிக்கொள்கிறது வைரஸ்.

சுவர் ஆயிற்று. இனி வாசல். அறை முழுவதுமாக மூடியிருந்தால் கச்சாப்பொருளான நியூக்ளியோடைடுகள் உள்ளே வர முடியாது, செய்துமுடித்த ஆர்.என்.ஏ. வெளியே போக முடியாது. வெளியே போனால்தான் ரைபோசோம் அதை வாசிக்கும், புதிய துகளுக்குள் அது பொதியப்படும். திறந்தே கிடந்தாலோ மறைப்பு என்பதற்கே பொருளில்லை.

நியூசிலாந்தின் புல் வண்டுப்புழுவில் கண்டெடுக்கப்பட்ட ஃப்ளாக் ஹவுஸ் வைரஸ் இதற்கு ஓர் எளிய விடையை வைத்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வை அது உள்நோக்கிக் குழித்து, ஏறத்தாழ 50 நானோமீட்டர் அகலமுள்ள சிறு குடுவைகளாக்குகிறது. குடுவையின் கழுத்து மட்டும் சைட்டோபிளாசத்தை நோக்கித் திறந்திருக்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பால் ஆல்குவிஸ்டின் குழு இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. 2017இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கழுத்து வெறும் ஓட்டையாக இல்லை. அதன் மேல் கிரீடம் போன்ற ஒரு புரத வளையம் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு மடங்குச் சமச்சீர் கொண்ட அந்த வளையத்தை ஆக்கியிருப்பது, ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் அதே புரதம்தான். நகலெடுப்பவரே வாயிற்காவலையும் கவனிக்கும் ஏற்பாடு இது.

டெங்கு வைரஸின் ஏற்பாடும் இந்த வகையே, ஆனால் சவ்வு வேறு. 2009இல் ஹைடெல்பெர்க்கில் ரால்ஃப் பார்ட்டன்ஷ்லாகரின் குழு, டெங்கு தொற்றிய செல்லின் முப்பரிமாணப் படத்தை வெளியிட்டது. எண்டோபிளாச வலையின் சவ்வு அந்த வலையின் உட்புறமாகவே குழிந்து, ஏறத்தாழ 90 நானோமீட்டர் குமிழ்களாகியிருந்தது. ஒவ்வொரு குமிழிலும் 11 நானோமீட்டர் அளவில் ஒரு துளை. இந்தப் படத்தில் என்னை வியக்கவைப்பது, துளைக்கு நேர் எதிரே உள்ள சவ்வில் புதிய வைரஸ் துகள்கள் மொட்டுவிட்டுக்கொண்டிருப்பதுதான். நகல் வெளியே வரும் இடத்துக்கும் அது பொதியப்படும் இடத்துக்கும் இடையே தூரமே இல்லை. 10,700 நியூக்ளியோடைடு நீளமுள்ள இழை, காவல் புரதங்கள் திரியும் சைட்டோபிளாசத்தில் அலைய நேர்வதில்லை.

கொரோனா வைரஸ்களிடம் வந்தபோதுதான் ஆய்வாளர்கள் திகைத்து நின்றார்கள். 2008இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் எரிக் ஸ்னைடரும் உடனிருந்தவர்களும் சார்ஸ் வைரஸ் தொற்றிய செல்களை முப்பரிமாணத்தில் படம்பிடித்தார்கள். எண்டோபிளாச வலையிலிருந்து உருவான பெரிய குமிழ்கள், 200 முதல் 300 நானோமீட்டர் வரை. ஒரு சவ்வுக்குள் இன்னொரு சவ்வு என இரட்டைச் சுவர். உள்ளே இரட்டை இழை ஆர்.என்.ஏ. நிறைந்திருந்தது. ஆனால் எவ்வளவு தேடியும் உட்சவ்வில் ஒரு திறப்புகூட அகப்படவில்லை.

திறப்பு இல்லாத அறையில் உற்பத்தி எப்படி நடக்கும்? இரட்டை இழை ஆர்.என்.ஏ. இருப்பதாலேயே அங்கே நகலெடுப்பு நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வேறெங்கோ நடந்த உற்பத்தியின் கழிவை, காவல் புரதங்கள் கண்டுவிடாமல் வைரஸ் அங்கே பூட்டிவைத்திருக்கவும் கூடும். இது அப்போது முன்வைக்கப்பட்ட நியாயமான ஐயம். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஐயம் தீரவில்லை.

தீர்த்துவைத்த முறைகளில் ஒன்று மிகப் பழையது. 1960இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஜான் கெய்ர்ன்ஸ், பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்படும் வாக்சினியா வைரஸ் செல்லில் எங்கே பெருகுகிறது என்று அறிய ஒரு வழி கையாண்டார். டி.என்.ஏ.வின் கட்டுமானக் கூறான தைமிடினில் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிடியத்தை ஏற்றிச் செல்களுக்குக் கொடுத்தார். புதிதாக டி.என்.ஏ. உருவாகும் இடத்தில் மட்டும் டிரிடியம் சேரும். செல்களின் மேல் புகைப்படப் பசையைப் பூசி இருட்டில் வைத்தால், கதிர் பட்ட இடங்களில் வெள்ளித் துகள்கள் கறுக்கும். ஒவ்வொரு தொற்றுத் துகளும் சைட்டோபிளாசத்தில் தனக்கென்று ஓர் உற்பத்திக்கூடத்தை அமைக்கிறது என்று அவர் காட்டினார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2020இல், லைடன் குழு இதே உத்தியைக் கொரோனாவுக்குக் கையாண்டது. தைமிடினுக்குப் பதில் ஆர்.என்.ஏ.வில் சேரும் யூரிடின், ஒளி நுண்ணோக்கிக்குப் பதில் எலக்ட்ரான் நுண்ணோக்கி. வெள்ளித் துகள்கள் இரட்டைச் சுவர்க் குமிழ்களின் மீதே குவிந்தன. உற்பத்தி அங்கேதான் நடக்கிறது என்பது உறுதியானது. அப்படியானால் வாசலும் இருந்தே ஆகவேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வாசல் கிடைத்தது. மொன்செர்ராட் பார்செனாவின் தலைமையில் இயங்கிய ஆய்வாளர்கள், எலியைத் தாக்கும் ஒரு கொரோனா வைரஸ் தொற்றிய செல்களை நொடியில் உறையவைத்தார்கள். அயனிக் கற்றையால் அவற்றை மெல்லிய தகடாகச் செதுக்கி, பல கோணங்களில் படம் எடுத்தார்கள். முந்தைய முறைகளில் நீரை அகற்றிப் பிசினில் பதித்தபோது புலப்படாமல் போனது, உறைந்த செல்லில் தென்பட்டது. இரண்டு சவ்வுகளும் ஒட்டிக்கிள்ளியது போல் சேரும் இடங்களில், இரண்டையும் ஊடுருவி நிற்கும் ஒரு புரதத் துளை. ஆறு மடங்குச் சமச்சீர், சைட்டோபிளாசத்தின் பக்கம் கிரீடம் போல் விரிந்த ஆறு கரங்கள், ஏறத்தாழ 30 லட்சம் டால்டன் எடை. ஒரு குமிழில் இவை பல இருந்தன. நடுவே ஓடும் கால்வாய், ஒற்றை இழை ஆர்.என்.ஏ. நழுவிச் செல்லப் போதுமானது. துளையின் மையக் கூறு என்.எஸ்.பி.3 என்ற வைரஸ் புரதம். பின்னர் 2023இல் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள், என்.எஸ்.பி.3, என்.எஸ்.பி.4 இரண்டு மட்டும் செல்லில் உருவானாலே குமிழும் துளையும் அமைந்துவிடுகின்றன என்று கண்டார்கள். 2024இல் சீன ஆய்வாளர்கள் அதன் அமைப்பை இன்னும் நுணுக்கமாக வரைந்தார்கள். ஒவ்வொரு புரதத்திலும் பன்னிரண்டு மூலக்கூறுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளையங்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வெளிப்பக்கம் நீட்டி நிற்கும் என்.எஸ்.பி.3இன் ஒரு பகுதி, வைரஸ் ஆர்.என்.ஏ.வைச் சுற்றிப் பொதியும் ‘என்’ என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. வெளியே வரும் 30,000 நியூக்ளியோடைடு நீள இழையை வாசலிலேயே காத்திருந்து போர்த்திவிடும் ஏற்பாடாக இதைப் புரிந்துகொள்ளலாம். டெங்குவில் துளைக்கு எதிரே மொட்டு, இங்கே துளையின் மேலேயே போர்வை. உறவே இல்லாத இரண்டு வைரஸ்கள் ஒரே இக்கட்டுக்குத் தனித்தனியே கண்ட தீர்வுகள்.

ரேபிஸ் வைரஸ் சுவர் என்ற ஒன்றையே தவிர்த்துவிட்டது. 2017இல் பாரிஸ் அருகே ழிஃப்-சுர்-இவெத்தில் இவ் கோதானின் குழு, நெக்ரி உடல்கள் திரவத் துளிகள் என்று அறிவித்தது. உயிருள்ள செல்லில் இரண்டு உருண்டைகள் நெருங்கினால், தாமரை இலைமேல் நீர்த்துளிகள் கூடுவதுபோல், ஒன்றாகி மீண்டும் உருண்டையாகின. உருண்டையின் ஒளிரும் புரதத்தை லேசரால் மங்கச் செய்தால், சுற்றுப்புறப் புரதம் உள்ளே பாய்ந்து அந்த இடம் மறுபடி ஒளிர்ந்தது. செல்லைத் திடீரென நீர்த்த கரைசலில் வைத்தால் உருண்டைகள் கரைந்தன. வைரஸின் என், பி என்ற இரு புரதங்களே இத்தகைய துளிகளை உண்டாக்கப் போதும். சவ்வு இல்லாத அறைக்கு வாசல் பிரச்சினையே எழுவதில்லை. எல்லைப்பரப்பு முழுவதுமே வாசல்தான். எது உள்ளே கரையும், எது கரையாது என்பதே காவல். முடிந்த ஆர்.என்.ஏ. புரதத் தொகுப்புகள் துளியிலிருந்து வெளியேறி, செல்லின் நுண்குழல் பாதைகளில் பயணிக்கின்றன. தட்டம்மை வைரஸும், குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸும் இதே வழியைப் பின்பற்றுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. திரவத் துளி என்ற கருத்து உயிரியலில் பரவலான பின், உருண்டையாகத் தெரிந்ததையெல்லாம் துளி என்று அழைக்கும் அவசரமும் வந்தது. 2019இல் பெர்க்லியில் ஹெர்பிஸ் வைரஸை ஆராய்ந்தவர்கள், உட்கருவில் அது அமைக்கும் நகலெடுப்பு அறைக்குள் செல்லின் பாலிமரேஸ் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்கள். அவை அங்கே குவிவதற்குக் காரணம் திரவம் அல்ல. மூடப்படாமல் கிடக்கும் வைரஸ் டி.என்.ஏ.வில் போகிற வழியெல்லாம் அவை ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். வெளித்தோற்றத்தை வைத்து இயங்குமுறையை ஊகிப்பதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை அரிது.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களிலும் அறை கட்டுபவை உண்டு. பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது என்பது பள்ளிப்பாடம். 2017இல் சான் டியகோவில் ஜோ போக்லியானோவும் சகாக்களும், சூடோமோனாஸ் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு பெரும் பாக்டீரியோஃபேஜ், அதற்குள் உட்கரு போன்ற ஒன்றையே கட்டிக்கொள்கிறது என்று காட்டினார்கள். சவ்வு அல்ல, வைரஸின் சொந்தப் புரதத்தாலான ஓடு. டி.என்.ஏ. நகலெடுப்பு உள்ளே, புரத உற்பத்தி வெளியே. பாக்டீரியாவின் தற்காப்புக் கருவிகளான கிரிஸ்பர் நொதிகள் வைரஸ் டி.என்.ஏ.வை வெட்ட வந்தால் ஓடு தடுத்துவிடுகிறது. ஆனால் ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் கிரிஸ்பர் வகையிடமிருந்து இந்த வகை வைரஸ் தப்ப முடியாது. ரைபோசோம்கள் வெளியே இருப்பதால் ஆர்.என்.ஏ. வாசலைத் தாண்டி வந்தே தீரவேண்டும், வந்ததும் வெட்டுப்படுகிறது.

மருத்துவத்துக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கு ஏற்கெனவே நடைமுறையில் ஒரு விடை இருக்கிறது. ஹெபடைடிஸ் சி வைரஸின் என்.எஸ்.5ஏ என்ற புரதம் எந்த வேதிவினையையும் நடத்தாத ஒன்று, நொதி அல்ல. ஆனால் கல்லீரல் செல்லில் வைரஸின் சவ்வு அறைகள் உருவாக அது இன்றியமையாதது. அதைக் குறிவைத்த டக்லடாஸ்விர் மருந்தின் 100 மில்லிகிராம் அளவு ஒரே வேளை, 24 மணி நேரத்தில் நோயாளிகளின் ரத்தத்தில் வைரஸை ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது என்று 2010இல் செய்தி வந்தபோது துறையே வியந்தது. புதிய சவ்வு அறைகள் எழுவதை இந்த வகை மருந்துகள் தடுக்கின்றன என்பது 2014இல் தெரியவந்தது. இந்தியாவில் 2018இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் திட்டத்தில் டக்லடாஸ்விர், சோஃபோஸ்புவிர் என்ற இன்னொரு மருந்துடன் சேர்த்து இலவசமாகத் தரப்படுகிறது.

துளிகளைக் குறிவைக்கும் முயற்சியும் உண்டு. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டிகள் பிறந்ததன் காரணத்தைத் தேடிப் போனவர்களுக்கு, தாய் ஆடுகள் மேய்ந்த ஒரு மலைச்செடியில் கிடைத்த நஞ்சு சைக்ளோபமின். 2021இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், அதுவும் அதன் உறவுச் சேர்மம் ஒன்றும் ஆர்.எஸ்.வி.யின் துளிகளை இறுக்கிக் கெட்டியாக்கிவிடுகின்றன என்று கண்டார்கள். துளி அழியவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் திரவமாக ஓடாததால் உற்பத்தி நின்றது. எலிகளிலும் வைரஸ் குறைந்தது. கருவைப் பாதிக்கும் நஞ்சை அப்படியே மருந்தாக்க முடியாது என்றாலும், வழி ஒன்று திறந்திருக்கிறது.

டெங்குவில் நிலைமை மனத்தை உறுத்துகிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் யோஹன் நெய்ட்ஸின் குழு 2021இல் வெளியிட்ட ஜே.என்.ஜே.-ஏ07 என்ற சேர்மம், டெங்குவின் நான்கு வகைகளையும் தடுத்தது. என்.எஸ்.3, என்.எஸ்.4பி என்ற இரு வைரஸ் புரதங்கள் கைகோப்பதை அது குலைக்கிறது. 2024இல் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள் அதன் விளைவைச் செல்லுக்குள் பார்த்தார்கள். புதிய குமிழ்கள் தோன்றவே இல்லை. ஏற்கெனவே கட்டி முடிந்த குமிழ்களை மட்டும் அது கலைக்கவில்லை. அதாவது மருந்து முன்கூட்டியே உடலில் இருக்கவேண்டும். காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்கு வருவதற்குள் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தை எட்டி இறங்கத் தொடங்கியிருக்கும். அதனால்தான் இதன் வழிவந்த மோஸ்னோடென்விர் மாத்திரையை, நோய் வருமுன் காக்கும் மருந்தாக, டெங்கு பரவும் நாடுகளில் சோதிக்கத் தொடங்கினார்கள். தன்னார்வலர்களுக்கு வைரஸைச் செலுத்திப் பார்த்த சிறிய சோதனையில் நல்ல பலன் தெரிந்ததாக 2023இல் அறிவிப்பும் வந்தது. 2024 அக்டோபரில் மருந்து நிறுவனம் அந்தக் கள ஆய்வை நிறுத்திவிட்டது. பாதுகாப்புக் குறை எதுவும் காரணமல்ல, தொற்றுநோய் ஆராய்ச்சியில் தன் முன்னுரிமைகளை மாற்றிக்கொள்வதாகச் சொன்னது. டெங்கு வைரஸ் தன் அறையை எப்படிக் கட்டுகிறது, எந்த இரு புரதங்களைப் பிரித்தால் கட்ட முடியாமல் போகும் என்பதெல்லாம் இன்று தெரியும். எஞ்சியிருப்பது, அந்த மாத்திரை காய்ச்சல் பருவத்தில் ஒரு தெருவைக் காக்குமா என்று முழுமையாகச் சோதித்துப் பார்க்கும் வேலை. அதை யாராவது கையில் எடுக்கவேண்டும்.